நெஞ்சுக்குக் குளுமையான சிகரெட்

எனக்குச் சிகரெட் வாடை ஆகாது. பதினொரு வருஷம் சிகரெட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். வயிற்றுப்பாடு வேறு, வாய்ருசி வேறு.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் புதினாச் சிகரெட் வந்தது. மதுரைக் கூட்டத்தில் மேலாளர் தெளிவாகவே சொன்னார்: "நல்லா இருக்கிறவன் பின்னால அலையாதீங்க, அவன் தானா வருவான். இருமுறவன், விட்டுரலாம்னு நினைக்கிறவன், அவன்தான் நம்மள விட்டுப் போறான். அவனப் பிடிங்க." இதிலும் அதே புகைதான், எரிச்சல் தெரியாததால் இன்னும் ஆழமாக இழுப்பார்கள் என்றும் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன்.

மற்றவர்கள் டீக்கடை டீக்கடையாக அலைந்தார்கள். நான் எங்கள் ஊர் ஜங்ஷனில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றேன். இருமல் மருந்தும் தைலமும் வாங்கி வெளியே வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாக்கெட் சும்மா கொடுத்தேன். மருந்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. "குளுகுளுன்னு இருக்கும்" என்றேன், அவ்வளவுதான். மீதியை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சளி பிடித்தால் வெந்நீரில் புதினா உப்பைப் போட்டு, போர்வைக்குள் ஆவி பிடித்து வளர்ந்த ஜனங்கள்.

நாறும்பூநாதன் என் சித்தி மகள் கோமுவின் வீட்டுக்காரர். சேரன்மகாதேவியில் கணக்கு வாத்தியார். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, சிகரெட்டை இப்போதே விட்டால் தப்பிக்கலாம் என்றிருந்தார். மனுஷன் விட்டு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பாவம், கடைவாயில் சுக்கை அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினார். விட்டவரைத் திருப்பிக் கொண்டுவருவது என் வேலை. சொந்தக்காரர் என்று அவரை மட்டும் விலக்க முடியுமா? ஆளுக்கு ஒரு நியாயம் எனக்குப் பிடிக்காது. அவர் வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டை மேசையில் வைத்தேன்.

"இது சளிய அறுக்கும்லா மச்சான்?"

"இழுத்துத்தான் பாரும்வே."

கண்ணை மூடி இழுத்தார். ஆவி பிடிக்கிறது போலவே புகையை உள்ளே நிறுத்தி வைத்து, பைய விட்டார். "நெஞ்சு தொறந்த மாதிரில்லா இருக்கு" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். இந்தப் பக்கத்தில் இதை மருந்தாக நினைக்கிறார்கள், நாம் திருத்த வேண்டியதில்லை என்று. பாராட்டுக் கடிதம் வந்தது. என் மருந்துக்கடை யோசனையைத் தென்காசியிலும் நாகர்கோவிலிலும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் போயிருக்கும். கோமு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, அவுக துரும்பா மெலியுதாக. இதையும் விட்டுரச் சொல்லட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாக."

அந்த ஒரு வார்த்தை எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. "சும்மா கிட கோமு. வெறும் புதினாதான்" என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளே கடைக்குப் போய் வாங்கிவந்து, காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு என்று மாத்திரை போல எடுத்துக் கொடுத்தாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் அவர் போனார். கடைசி வாரம் தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தே கிடந்தார், படுத்தால் மூச்சு வரவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. நான் சீக்கிரமே கிளம்பிவிடுவேன்.

அவரைக் கொன்றது நான்தான். படம் எடுத்தது தெரியும், டாக்டர் சொன்னது தெரியும், மதுரையில் சொன்னதும் மறக்கவில்லை. மருந்துக்கடை வாசலில் வாங்கிப் போன மற்றவர்களின் பெயர் எனக்குத் தெரியாது.

கோமு இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "அண்ணாச்சி மட்டும் அந்தப் புதினாவைக் கொண்டாராட்டா அவுக எப்பவோ போயிருப்பாக." நான் மறுப்பதில்லை. ஒருத்தருக்கு ஆறுதலாக இருப்பதைப் பிடுங்குவது என் சுபாவத்திலேயே கிடையாது.