தட்டம்மையும் சோரீனா வீட்டு வாசற்கதவும்

என் பெயர் பெத்ரொனேலா உர்சாக்கே, வயது நாற்பத்தேழு, கணவர் உயிருடன் இல்லை. ருமேனியா, வஸ்லுய் மாவட்டம், தேவாலயத் தெருவில் குடியிருந்துகொண்டு, வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை நடத்தி வருகிறேன். இந்த வழக்கில் கோடரியால் கதவை உடைத்த நெலு எனக்கு எதிர்வீடு. அடிபட்ட சோரீனா அடுத்த வீடு. இருவரோடும் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். வெளியே குளிர் விடாததால் ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். காலையில் சோரீனா தன் ஆறு வயது மகன் மத்தேயுடன் வந்தார். இத்தாலியில் வேலை செய்யும் கணவரைப் பார்த்துவிட்டு அவர்கள் அந்த வாரம்தான் திரும்பியிருந்தார்கள். பையன் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, விடாமல் இருமிக்கொண்டிருந்தான். நான் கேட்டதற்கு, "பஸ்ல ஏசிக்கு அடியிலயே படுத்து வந்தான்க்கா, சளிதான்" என்றார். அப்போது பையன் உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை.

அவர்கள் போய், நான் ஒரு காபி குடித்து முடித்த பிறகு, நெலுவின் மனைவி ஆடெல்லா தன் ஏழு மாதக் குழந்தை இலிங்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவரும் சோரீனாவும் தெருவில்கூட எதிர்ப்படவில்லை. குழந்தையை நாங்கள் மாறி மாறி வைத்திருந்தோம். டிரையரை அணைத்தால் அழுதது, போட்டால் சிரித்தது.

அதன் பிறகு, ஈஸ்டருக்கு மறுநாள் மத்தேய்க்கு முகத்தில் தொடங்கி உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. டாக்டர் தட்டம்மை என்றார். அடுத்த இரண்டு வாரத்துக்குள், அன்று கடைக்கு வந்தவர்களில் தடுப்பூசி போடாத மூன்று பேருக்கு வந்து, பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வழியாகப் பள்ளிக்கூடத்துக்கும் போனது. எனக்குச் சிறு வயதிலேயே வந்து போனதால் ஒன்றும் ஆகவில்லை. இலிங்காவுக்கு முதலில் காய்ச்சல், பிறகு தடிப்பு, அதன் பிறகு மூச்சு வாங்கல். மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிமோனியாவில் குழந்தை இறந்தது. அடக்கத்துக்குத் தலையில் கட்டும் ரிப்பனை என் கடையிலிருந்துதான் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு சுகாதார அதிகாரி கடைக்கு வந்து விசாரித்தார். அந்தப் பையனும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லையே என்றேன். "பார்க்கணும்னு இல்லம்மா. பையன் எழுந்து போனாலும் அவன் இருமினது மூடின அறைக்காத்துல நிக்கும், ரெண்டு மணி நேரம்கூட நிக்கும். ஏழு மாசப் பிள்ளைக்கு ஊசி போடுற வயசும் வரல. சுத்தி இருக்கிறவங்க போட்டிருந்தா அந்தப் பிள்ளை வரைக்கும் வந்திருக்காது" என்றார். அப்போது கடையில் இருந்த பெண்கள் இதைக் கேட்டார்கள். மாலைக்குள் தெரு முழுவதும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நெலு, "எம்பொண்ணு மண்ணுக்குள்ள கிடக்கா, ஒம்பையன் ரொட்டி தின்னுட்டிருக்கானா?" என்று கத்திக்கொண்டு சோரீனா வீட்டு வாசற்கதவைக் கோடரியால் வெட்டினார். சோரீனா ஓடி வந்தபோது ஒரு மரச்சிம்பு தெறித்து அவர் புருவத்தைக் கிழித்தது. அவர்மீது நெலு கோடரியை ஓங்கவில்லை. இரத்தத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். சோரீனா, "முழுசா உடைச்சுட்டே போ நெலு, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். நெலு கோடரியைப் போட்டுவிட்டுச் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்குள் ஆடெல்லா ஓடி வந்து, "பெத்த பையனுக்கு ஏன்டி ஊசி போடல? எல்லாரும் கேளுங்க அவளை!" என்று அலறினார். சோரீனா அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பதில் பேசாமல் உள்ளே போனார். அவர் புகார் கொடுக்கவில்லை. போலீசுக்குச் சொன்னது வேறு அயலார்.

சோரீனா ஆத்திரமூட்டும்படி ஏதாவது பேசினாரா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி கேட்டதற்கு, இல்லை என்கிறேன். பேச அவரிடம் ஒன்று இருந்தது. மத்தேய்க்கு ஒரு வயதானபோது என் கடையில் வைத்து ஆடெல்லாதான் அவரிடம், "அந்த ஊசிய மட்டும் போட்டுடாதடி. எம்பெரியவனுக்கு நான் போடல, பாரு, கன்னுக்குட்டி மாதிரி இருக்கான்" என்று சொன்னார். அப்போது சோரீனாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தது நான். வாசலில் அத்தனை பேர் முன்னால் சோரீனா இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்தப் பகுதியை ஆடெல்லாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார் அதிகாரி. அப்படியானால் நான் கேட்டுக்கொண்டதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே சொன்னேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பெத்ரொனேலா உர்சாக்கே