எல்லையில் நின்ற ஓட்டம்

விதிகளை மீறியே குற்றவாளிகளைப் பிடிக்கும் போலீஸ்காரர் படத்தின் நான்காம் பாகம். புதுச்சேரி தியேட்டரில், இடைவேளை பாப்கார்ன் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற தொப்பைக்காரர் தன் மச்சினனிடம் குசுகுசுத்தார்.

“நானும் போலீஸ்னு இங்க யார்கிட்டயும் சொல்லிடாத மாப்ள.”

“ஏன் மாமா?”

“போன வாரம் செயின் திருடன் ஒருத்தனத் தொரத்திக்கினு ஓடினேன். கனகசெட்டிக்குளம் தாண்டிட்டான். அந்தாண்ட தமிழ்நாடு, நம்ம புதுச்சேரி போலீஸ் எல்ல இல்ல. நின்னுட்டேன்.”

“இந்த ஹீரோவா இருந்தா போயிருப்பான்.”

“அவன் நாலு பாகமா சஸ்பெண்ட்ல இருக்கான். எனக்கு ஒரு மெமோ வந்தாலே இன்க்ரிமெண்ட் போயிடும்.”

“திருடன் ஓடிட்டானா?”

“எங்க ஓடினான்? அந்தப் பக்கம் நின்னு மூச்சு வாங்கினான். அப்புறம் கேக்கறான், ‘என்னா சார், மூணாம் பாகம் பாக்கலியா?’ன்னு.”

“பாத்தியா?”

“இல்ல. அதான், நாலாவதையாவது அவனுக்கு முன்னாடி பாத்துடலாம்னு வந்தேன்.”