நேற்றே வந்த ரிசல்ட்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து வந்த ஒரு வரி, என்னை இயர்போனைக் கழற்ற வைத்தது.

"நீ என்ட்ரன்ஸ்ல பெயிலுன்னு நேத்தே கம்பெனியில சொல்லிட்டேன்டி."

சொன்னது கம்பெனிச் சீருடையில் இருந்த ஓர் அம்மா. பக்கத்தில் மகள், கையில் ஹால் டிக்கெட், மடியில் திறக்காத டிபன் பாக்ஸ்.

"இன்னிக்கித்தானம்மா பரீட்சையே. நான் இன்னும் எழுதவே இல்ல."

"எல்லாரும் மார்க் கேப்பாங்களேன்னுதானே ரெண்டு நாளா உனக்குச் சோறு எறங்கல? நம்ம தெருவே எங்க கம்பெனியிலதான் வேலை செய்யுது. இனி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பாவம்னாங்க. ஒருத்தி எனக்கு வடை வாங்கிக் குடுத்தா."

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"நான் பாஸாயிட்டா?"

"என்னையப் பொய்க்காரிம்பாங்க. சொல்லிட்டுப் போறாங்க."

"அந்தக்கா வடையத் திருப்பிக் கேக்கும்."

"கேட்டா தட்டு நெறைய வாங்கிக் குடுக்கறேன். நீ இப்ப சாப்புடு."

சூளகிரி வருவதற்குள் டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சாதம் முழுக்கக் காலியாகிவிட்டது.

"தண்ணி குடும்மா" என்றாள் நேற்றே பெயிலான அந்தப் பெண்.