கடைசிச் சரணத்துக்கு எழுந்து நின்றவர்கள்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் பாதிரியார் அன்னுக்கா அம்மையார் அவர்களே! மூட்டுவலியையும் பொருட்படுத்தாது முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர் பதினொருவரே! பாடகர் குழுவின் அன்னையர் பத்தொன்பதின்மரே! தலைமுடி கொட்டினாலும் தாளம் கொட்டுவதை மறவாத ஹல்லாயோ இசைக்குழுவின் நால்வரே! சுவரில் சாய்ந்து நிற்கும் இளைஞர் அறுவரே! கதவருகே, மேலங்கியைக் கழற்றாமலே அமர்ந்திருக்கும் எங்கள் தூலிக்கி அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஆண்டவர் பெயரால் என் வணக்கம்.

என்னையும் சேர்த்தால் நாற்பத்து மூவர். காபிக் கோப்பைகளை எண்ணி வைத்தவள் நான், கணக்கு தப்பாது.

என்ன சிரிப்பு அங்கே? எய்லாவுக்கு மேடையில் என்ன வேலை, காபியை ஊற்ற வேண்டியதுதானே என்கிறீர்களா? ஊற்றுகிறேன் ஐயா, ஊற்றுகிறேன். பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு விட்டு, வேதத்தையும் வானொலியையும் வைத்துத் தானே படித்துக்கொண்டவள் நான். ஆனால் இன்று பேச வேண்டியவள் நான்தான். ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

அன்பர்களே! தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். இந்தப் பின்லாந்தில் மெட்டல் இசைக்குழு இல்லாத ஊர் எது? பேருந்து நிறுத்தம்தோறும் ஒரு சுவரொட்டி. சுவரொட்டிதோறும் நடுவிலே கறுப்புக் கவுன் அணிந்த ஒரு பெண். அவளுக்குப் பின்னாலே முகம் தெரியாமல் முடி வளர்த்த பையன்கள்! பையன்களின் பெயரை யார் கேட்டார்கள்? அந்தப் பெண் யார் வீட்டுப் பெண் என்றுதானே கேட்டோம்?

நம் கரிகோஸ்கியில் அவள் மரமறுக்கும் ஆலைக்காரர் வீட்டுப் பெண், இருபத்திரண்டு வயதுத் தூலிக்கி. ஹல்லாயோ குழுவிலிருந்த யர்மோவின் தந்தையாருடைய உருளைக்கிழங்குக் கொட்டகைதான் அவர்களுடைய அரங்கம். என் சமையலறைச் சன்னலுக்கு நேர் எதிரே! சனிக்கிழமைகளில் நான் புல்லா ரொட்டிக்கு மாவு பிசைவேன். அங்கே கிட்டார் உறுமும், டிரம்ஸ் குமுறும், கொட்டகைத் தகரம் அதிரும். அப்புறம், அந்த உறுமலையும் குமுறலையும் உதறிவிட்டு ஒரு குரல் எழும். ஓங்கி எழும், ஒளியாக எழும், கூரையைக் கடந்து, பிர்ச் மரங்களைக் கடந்து, எழுந்துகொண்டே இருக்கும்! மாவு பிசைந்த கை அப்படியே நின்றுவிடும். எத்தனை சனிக்கிழமை என் புல்லா கல்லானது என்று என் கணவரைக் கேளுங்கள்.

கறுப்பு உடுத்தவள் கர்த்தரைப் பாடுவாளா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நம் ஆர்கன் வாசிப்பாளர் சூலோ ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நம்ம ஞானப்பாட்டுதான் பாடுது பொண்ணு. பக்கத்துல இடி இடிக்குது, அவ்வளவுதான்" என்றார்.

அந்தச் சூலோவே முன்னின்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, ஹல்லாயோவை நம் கோவிலுக்குள் அழைத்து வந்தார். அந்த ஆண்டில் நாம் அடக்கம் செய்தவர்களின் நினைவாகக் கச்சேரி. கோவிலில் கைதட்டுகிற வழக்கம் நமக்கு உண்டா? இல்லை. நன்றி சொல்ல நமக்குத் தெரிந்தது ஒன்றே: எழுந்து நிற்போம், ஓசையில்லாமல் நிற்போம். ஆகவே நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டோம்: "கடைசிச் சரணம் தொடங்கும்போது அனைவரும் மௌனமாக எழுந்து நிற்கவும்."

அந்தத் தாள்களை வாசலில் நின்று கொடுத்தவள் நான். இருக்கைகளை இரண்டு முறை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. தாளும் இருநூற்றுப் பன்னிரண்டே அடித்தோம். ஒன்று மிஞ்சவில்லை, ஒன்று குறையவில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு! உள்ளறையில் கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்த ஐந்து பேருக்கு ஒரு தாளாவது வைத்தேனா? வைக்கவில்லை, அன்பர்களே. இருக்கையில் உட்காராதவர்கள் என் எண்ணிக்கையிலே வரவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் இத்தனை ஆண்டும் நினைத்திருந்தோம். கடைசிச் சரணம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்தோம். குரல் நின்றது. அவள் ஒலிவாங்கியைத் தரையில் வைத்தாள். உள்ளறைக் கதவு வழியே போய்விட்டாள். நாமோ, பாட்டே அப்படித்தான் முடியும் போலிருக்கிறது, எவ்வளவு அழகு என்று நான்கு நிமிடம் அசையாமல் நின்றோம்! மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் அவள் ஊரைவிட்டே போனாள் என்று கேள்விப்பட்டபோதாவது யாராவது தொலைபேசியை எடுத்தோமா? அவரவர் துக்கம் அவரவருக்கு, தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்துவிட்டோம். இருபத்தாறு ஆண்டுகள் மரியாதையாக இருந்துவிட்டோம்!

வேறு பாடகியைத் தேடுங்களேன் என்று நானே இந்த ஆர்ட்டோவிடம் சொல்லியிருக்கிறேன். "அவ இல்லாம நாங்க நாலு பேரும் சத்தம்தான் போட முடியும், எய்லாக்கா" என்று சொல்லிவிட்டு, டிரம்ஸை மூடி வைத்துப் பேருந்து ஓட்டப் போனான்.

சென்ற மாதம் ஸ்டாக்ஹோம் போகும் கப்பலில், சாப்பாட்டு வரிசையில், தட்டும் கையுமாக அவன் அவளைப் பார்த்திருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாயே என்று வம்புக்கு இழுத்திருக்கிறான். அவள் சிரிக்கவில்லை.

"ஓடுனது நானா? பாட்டு முடியறதுக்குள்ள ஊரே எந்திரிச்சுப் போச்சே, ஆர்ட்டோ."

"போகல தூலி. நின்னாங்க. உனக்காகத்தான் நின்னாங்க."

முகத்தில் விளக்கு அடிக்க, இருட்டில் உருவங்கள் எழுவதை மட்டுமே பார்த்தாள் அவள். வெறுத்து வெளியேறுகிறோம் என்று எண்ணினாள். அன்று முதல் எந்த மேடையிலும் பாடவில்லை. துர்க்கு நகரில் ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகிறாள். ஞானப்பாட்டு எடுத்தால் உதட்டை மட்டும் அசைக்கிறாள். அந்தக் குரல், அன்பர்களே, நம் கோவிலுக்குள் அடைபட்டுப்போன குரல்!

தூலிக்கி, மகளே! இதை யர்மோ சொல்லியிருக்கலாம், பாதிரியார் அம்மையார் எழுதியிருக்கலாம். ஆனால் தாளைக் கொடுக்காமல் விட்டவள் நான். அதனால் நாற்பத்திரண்டு பேர் முன்னிலையில் நானே சொல்கிறேன்: தவறு என்னுடையது. உன் குரலில் குறையில்லை, உன் பாட்டில் பிழையில்லை, உன்னை இந்த ஊர் ஒரு நாளும் கைவிடவில்லை! அன்று நின்றவர்களில் எழுபத்தெட்டுப் பேரை இதற்குள் அடக்கம் செய்துவிட்டோம். அந்தக் கடைசிச் சரணத்தை அவர்கள் கேட்காமலே போனார்கள். மற்றவர்கள் இருக்கிறோம். நால்வரும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள். நவம்பரில் அதே திருநாள், அதே கோவில். சரணம் ஒன்றுதான் பாக்கி. அதையும் நீ மனமிருந்தால் பாடு. மாட்டேன் என்றாலும் எங்கள் வீட்டுப் பெண்தான் நீ.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும் தாய்மார்க்கும், பேச இடமளித்த தலைவர் அம்மையாருக்கும் என் நன்றி. கர்த்தரின் சமாதானம் உங்கள் எல்லோரோடும் இருப்பதாக.

கச்சேரி அறிவிப்பைப் போட வேண்டிய திருச்சபை இதழ் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தூலிக்கி, அதற்கு முன் எனக்கு ஒரு பதில் சொல்லிவிடு.