புரட்டாசியில் வாங்கிய அரோவானா

கேளம்பாக்கத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் தண்ணீர் நிரப்பிக் கட்டிய பிளாஸ்டிக் கவர். உள்ளே விரல் நீளத்தில் ஒரு வெள்ளி மீன்.

"கடக்காரன்கிட்ட நல்லா கேட்டுட்டுதான் வாங்கினேன் மச்சான். இது சைவம்" என்றார் கவர்க்காரர்.

"எது, இந்த மீனா?"

"புரட்டாசி நடந்துகினு கீதுல்ல. கவுச்சி துன்ற எதையும் வூட்டுக்குள்ள வுட மாட்டேன்னுட்டா உன் தங்கச்சி."

"அரோவானா மூணு அடி வளரும்டா. சின்ன மீனையெல்லாம் முழுங்கும்."

"இதுக்கு வெறும் குருணைத் தீனிதான். டப்பாவோட குடுத்தான்."

நண்பர் டப்பாவைத் திறந்தார். ஆட்டோ முழுக்கக் கருவாட்டு வாசனை. டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"மீனைக் காய வெச்சி அரைச்சது இது."

கவர்க்காரர் டப்பாவை வாங்கி இறுக்கி மூடினார். கோவளம் வரும்போது மெதுவாகக் கேட்டார்.

"மாசம் முடியிற வரைக்கும் உன் வூட்ல வெச்சிக்கிறியா? நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, புரட்டாசி கெடையாது."

"வெச்சிக்கலாம். ஆனா இது மூணு அடி வளர்ற வரைக்கும் எங்கம்மா காத்துகினு இருக்க மாட்டாங்க. அவங்களுக்கு நெத்திலி சைஸே போதும்."

கவர்க்காரர் கவரை நண்பர் பக்கத்துத் தொடையிலிருந்து மறுபக்கத்துத் தொடைக்கு மாற்றிக்கொண்டார்.