ஒவ்வொரு வரியையும் வாழ்ந்தவன்

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, ஐயா. ஒருமுறை முயன்று பார்த்து விரல் நொந்ததுதான் மிச்சம். ஆனால் கேட்கத் தெரியும். இணுவிலில் பிறந்து தவில் சத்தத்தோடு வளர்ந்தவனுக்கு அது பெரிய விசயமல்ல. நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணக்கியல் படிப்பிக்கிறேன். பத்திரிகை ஒன்றின் ஞாயிறு இதழில் பாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். வீட்டுப் பின்னறையில் முட்டை மட்டைகளை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றும் வைத்திருக்கிறேன். திடீர் மரண விசாரணை அதிகாரிக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் நினைக்கலாம். பாட்டுக்காரன் சுப்யான் எப்படி என்னிடம் வந்தான் என்பது விளங்க வேண்டுமே என்று சொல்கிறேன்.

அவனை நேரில் பார்த்தவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பாட்டைக் கேட்டுவிட்டு, தாடியும் சோர்ந்த கண்ணுமாக ஒருவனை எதிர்பார்த்து வருவார்கள். அவனோ யாழ்ப்பாண நகரத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற கடையில் வேலை செய்துகொண்டு, வருகிற வாடிக்கையாளர்களைப் போலக் கதைத்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன். பதிவுக்கு வந்தால் முதலில் குசினிக்குள் போய் என் மனைவி உதயகலாவிடம் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பான். அவளுக்கு அவனில் நல்ல பட்சம். எனக்கும் இருந்தது, அதை மறுக்கவில்லை.

முதல் தொகுப்பின் பெயர் 'இரண்டு பாய்'. அதே பெயருள்ள பாட்டில் மனைவியை இழந்த ஒருவன், அவள் இன்னும் இருப்பதாக நினைத்து ஒவ்வொரு இரவும் இரண்டு பாய் விரிக்கிறான். பாட்டு முழுவதும் 'நான்', 'நான்' என்றுதான் வரும். பின்னால் ட்ரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் மெதுவாக ஏறும். வெளியிட்டபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொழும்பில் ஒருவர், தமிழில் அழுவதற்கு ஏற்கெனவே போதிய பாட்டுகள் இருக்கின்றன என்று எழுதினார். எங்கள் ஊர் வித்துவான் ஒருவர் இதில் இராகமும் இல்லை, தாளமும் இல்லை, காய்ச்சல்காரனின் முனகல்தான் இருக்கிறது என்றார். நான் மட்டும் அரைப்பக்கம் எழுதினேன். 'இந்தப் பாடகன் ஒவ்வொரு வரியையும் வாழ்ந்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்' என்று முடித்தேன்.

அந்த வரியை யாரோ படம்பிடித்து இணையத்தில் போட்டார்கள். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ரொறொன்ரோவிலும் சென்னையிலும் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதார்கள். அந்தப் பெண் யார், எப்படிச் செத்தாள் என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள். 'அண்ணா, நான் இண்டைக்கு உயிரோடை இருக்கிறது உங்கடை பாட்டாலைதான்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். நிகழ்ச்சி அறிவித்தல்களில் அவன் படத்துக்குக் கீழே என் வரியைப் போட்டார்கள். என் பெயரோடு.

சுப்யான் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணை, அது நானில்லை. எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை. அது ஹலீம் அப்பான்ரை கதை" என்றான். தொண்ணூறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்து முகாமுக்குப் போன கிழவர் அவர்; தகப்பனல்ல, வயதுக்காக அப்பா என்பான். மனைவியை அந்த முகாமில்தான் இழந்தார். முகாமில் பிறந்த சுப்யான் சின்ன வயதில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுப்பானாம். இரண்டாவது பாயில் தெரியாமல் இருந்துவிட்டதற்காக ஒருநாள் அவரிடம் அடியும் வாங்கியிருக்கிறான். அந்தக் கிழவரின் பெயரைச் சேர்த்துத் திருத்தி எழுதும்படி என்னைக் கேட்டான். கொஞ்சம் பொறு, சனம் இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது என்றேன். அவன் சரி என்றுவிட்டுக் குசினிக்குப் போனான்.

போன வருடம் அவனுக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண் புத்தளத்தில் ஆசிரியை, ஸஹானா. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது தொகுப்புக்கு அவன் கொண்டுவந்த பாட்டுகளிலேயே அது தெரிந்தது. ஒன்று பேக்கரி வாசனையைப் பற்றியது. இன்னொன்று மழையில் சைக்கிள் செயின் கழன்ற கதை. ஒன்றை இணையத்தில் விட்டுப் பார்த்தோம். பழைய சுப்யான் எங்கே என்று கேட்டார்கள். எங்களை ஏமாற்றிவிட்டீர்கள் என்றும் ஒருவர் எழுதினார். அவன் அதற்கும் சிரித்தான். சென்னைக்காரர்கள் எடுக்கப்போகும் பேட்டியில் ஹலீமின் கதையைச் சொல்லிவிட்டால் சனத்துக்கு எல்லாம் விளங்கிவிடும் என்றான்.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. அவனை நம்பி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தப் பிள்ளைகளை நினைத்தேன். இது வேறொருவனின் துக்கம் என்று தெரிந்தால் அவர்கள் என்ன ஆவார்கள்? என் வரியைப் பற்றியும் நினைத்திருப்பேன். ஆனால் முதலில் அவர்களைத்தான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் பெண்ணின் மாமா இஸ்ஸத் வந்தார். மாப்பிள்ளையைப் பற்றி வெளியாட்களிடம் விசாரிப்பது எல்லாச் சமூகத்திலும் உள்ளதுதானே. மரியாதையான மனிதர். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டார்.

"மாஸ்டர், எங்கடை புள்ளையைக் குடுக்கப்போறம். அந்தப் பாட்டிலை வாறது அவர்தானா? முதல்லை ஒருத்தி இருந்தவளா?"

இல்லை, அது ஒரு கிழவரின் கதை என்று சொன்னால் முடிந்திருக்கும். ஒரு மூச்சு போதும். நான் பொய் சொல்லவில்லை, ஐயா. எழுந்துபோய் என் விமர்சனத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்தக் கடைசி வரியை விரல் வைத்து வாசித்தார். "இதுக்கு மேலை நான் என்னத்தைச் சொல்ல" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனார். உதயகலா கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

சம்பந்தம் குழம்பியது. காரணத்தை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஸஹானாவின் தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. சென்னைப் பேட்டிக்கு அவன் போகவில்லை. பேக்கரிப் பாட்டையும் சைக்கிள் பாட்டையும் அழிக்கச் சொன்னான், அழித்தேன். பிறகு அவன் கொண்டுவந்த பாட்டுகளை, சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, விடியும்வரை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவ்வளவு நல்ல பாட்டுகள். இப்போது 'நான்' என்று பாடினால் அது அவனேதான். நான் சந்தோசப்பட்டேன்.

அவன் குசினிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான். உதயகலா கொண்டுவந்து வைத்த சாப்பாடு அப்படியே இருக்கும். "அந்தப் பொடியன் உடைஞ்சு போனான். தாயிட்டைச் சொல்லுங்கோ, இல்லாட்டி மாமாவிட்டைப் போய் உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள். தொகுப்பு முடியட்டும் என்றேன். தாய் றஹ்மத்தும்மாவே என்னை அழைத்து, மகன் இரவில் எழும்பி இருக்கிறான், ஏன் தம்பி என்று கேட்டார். பெரிய வேலையில் இருக்கிறான், குழப்பாதீர்கள் என்று சொன்னேன். அவர் என்னை நம்பினார்.

கடைசிப் பாட்டை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்தோம். ஒரே தடவையில் பாடினான். பாடி முடித்ததும் என்னைப் பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் எழுதினது சரிதான். எனக்குத்தான் அப்ப விளங்கேல்லை."

கிட்டாரைச் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு வெளியே போனான். சலம் கழிக்கப் போனாலும் தோளில் கொழுவிக்கொண்டு போகிறவன் அவன். ஏன் கிட்டாரை விட்டுவிட்டுப் போகிறான் என்று உதயகலா கேட்டாள். நாளைக்கு வந்து எடுப்பான் என்றேன். வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். சைக்கிள் படலையைத் தாண்டுகிற சத்தம் கேட்டது. கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். தாயின் எண் என் கையில் இருந்தது. அழைத்தால் ஆஸ்பத்திரி, சொந்தக்காரர், கேள்விகள் என்று இழுபடும், அந்தப் பாட்டு வெளியே வராமலே போகும். தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் பதிவைச் சரிபார்த்தேன். அவன் மூன்று தரம் அழைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் பண்ணைக் கடலில் அவன் உடலை எடுத்தார்கள்.

உதயகலா தன் தமக்கையிடம் சாவகச்சேரிக்குப் போய்விட்டாள். அவள் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. அவன் சாகப்போகிறான் என்று தெரிந்துதான் விட்டேன். அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததும் நான்தான். சட்டத்தில் இதற்கு என்ன பெயரோ, அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

இரண்டாவது தொகுப்பை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். முனகல் என்று சொன்ன வித்துவான் தொலைபேசியில் அழுதார். கொழும்புக்காரர் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார். பண்ணையில் பிள்ளைகள் பாய் விரித்து, என் வரியை எழுதிப் பூ வைக்கிறார்கள். பத்திரிகையில் என் விமர்சனத்தையும் கேட்டார்கள், எழுதி முடித்துவிட்டேன். நண்பன் என்பதற்காகக் கூட்டிச் சொல்வது என் வழக்கமில்லை. முதல் தொகுப்பில் இருந்த இயல்பு இதில் இல்லை, சோகம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.