மாத்திரையோடு ஒரு துண்டு சீஸ்

அமெரிக்காவிலேயே சீஸுக்குப் பேர்போன எங்கள் விஸ்கான்சினில் புருஷனுக்கு சீஸ் கொடுப்பதைக் குற்றம் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து போகிற நர்ஸ் கெண்ட்ரா சொல்லும்வரை எனக்கும் தெரியாது.

என் கணவர் ஆர்விலுக்குப் பார்க்கின்சன் நோய். மாத்திரை வேலை செய்தால் மனிதர் குதிரை, அதன் வேகம் இறங்கிவிட்டால் மரக்கட்டை. "வெறும் வயித்துல குடுங்க வெர்னா. பால், கறி, சீஸ் எல்லாம் அப்புறம். கூடச் சேர்ந்தா மருந்து ஏறாது" என்றாள் கெண்ட்ரா. நல்ல பெண், தெளிவாகச் சொல்லுவாள்.

"சீஸ் இல்லாம இருக்கறதுக்கு நான் செத்தே போயிடலாம்" என்றார் ஆர்வில். அப்போதெல்லாம் நன்றாகப் பேசுவார்.

வெள்ளிக்கிழமை தோறும் ஊர் மன்றத்தில் நடக்கும் மீன் விருந்துக்குப் போவோம். வாசலில் தடுமாறுகிற கால்கள், அக்கார்டியன் வாத்தியச் சத்தம் கேட்டதும் ஜோடி சேர்ந்து போல்கா நடனம் ஆடும். என்னோடு அல்ல, எனக்கு முட்டி வலி. விதவை ஆர்டிஸோடு.

"உன் புருஷன ஒரு பாட்டுக்குக் கடன் வாங்கிக்கறேன், வெர்னா."

"திருப்பித் தரும்போது துடைச்சுக் குடு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வயிறு எரிய எரிய.

ஒரு வெள்ளிக்கிழமை மாத்திரையோடு சீஸ் வைத்தேன். ஆசையாகச் சாப்பிட்டார். சாயங்காலம் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஷூவைக் கழற்றிக் கால் பிடித்துவிட்டேன். "நீ இல்லாட்டி நான் என்ன ஆவேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு நான் கிழமை பார்க்கவில்லை, தினமும் வைத்தேன். டாக்டர் மருந்தைக் கூட்டினார். நான் துண்டைப் பெரிதாக்கினேன். கெண்ட்ராவுக்குக் குழப்பம்.

"வேளை தவறாமதானே குடுக்கறீங்க?"

"ஒரு நிமிஷம் பிசகாது" என்றேன். அது பொய்யில்லை.

இப்போது அவருக்கு மெல்ல முடியாது, குரலும் போய்விட்டது. சீஸை உருக்கிக் கரண்டியால் ஊட்டுகிறேன். கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறார். சின்ன வயதிலிருந்தே பிடிவாதக்காரர்.

நேற்று ஆர்டிஸ் பார்க்க வந்தாள். அவர் கண் அவளையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தது. கெண்ட்ராவைக் கூப்பிட்டது அவள்தான். கெண்ட்ரா போலீசுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் இதையும் எழுதுங்கள்: ஆடப் போகணும் என்று இத்தனை மாதத்தில் அவர் ஒரு தடவைகூட வாயைத் திறந்து கேட்டதில்லை.